எடுக்காத பக்கம்

ஒரு பெரிய கணினிக்குள் நிரலாலேயே இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, ஆளுக்கொன்றில் வேலை பார்த்தார்கள் எழிலரசியும் செல்வினும். நினைவகம் முழுவதும் தனக்கே என்று ஒவ்வொன்றும் நம்பும். நினைவகத்தைப் பக்கம் பக்கமாக்கி, எந்தப் பக்கம் எந்தக் கணினிக்கு என்று பிரித்துக் கொடுக்கும் நிரல் செல்வின் எழுதியது. சோதனைக்காக ஒரு பக்கத்தை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகக் காட்டியிருந்தான்; அதில் ஒருவர் எழுதுவது மற்றவருக்கும் தெரியும்.

"அந்தப் பொதுப் பக்கத்த உன் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டியா செல்வின்?"

"அன்னைக்கே எடுத்துட்டேனே."

இனி அது தனக்கு மட்டுமே என்று நம்பி, எழிலரசி தன் தீர்வை அந்தப் பக்கத்திலேயே எழுதி வைத்தாள். இன்று கூட்டத்தில் அதைத் தன்னுடையது என்று செல்வின் விளக்கினான், அவள் திருத்தாமல் விட்டிருந்த பிழையோடு. எல்லோருடனும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். இருக்கைக்குத் திரும்பியதும் அதே பக்கத்தில் எழுதினாள்: "இன்னும் படிக்கிறியா?"

எதிர் மேசையில் செல்வினின் தட்டச்சு ஓசை நின்றது. அவள் திரையில் அந்த வரி, எழுத்தெழுத்தாக அழிந்து பூஜ்யங்களாக மாறியது.