ஏழு சுற்றுக் கட்டு

“ஏட்டி, மூச்சு முட்டுது!” என்று முனகினார் ஆவுடையப்பன்.

மனைவி சந்தனம் காதில் வாங்கவில்லை. அவர் நெஞ்சைச் சுற்றி ஏழாவது சுற்றையும் இறுக்கி, துணியைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மெட்ராசில் இதய ஆபரேஷன் செய்துகொண்டு ராஜபாளையம் திரும்பியவர் அவர்.

“மேல கொஞ்சம் செவப்பு மருந்து தடவட்டுமா? ரத்தம் மாதிரி இருக்கும்.”

ஆமாம், நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆபரேஷன் நடந்தது சத்தியம். நினைத்தாற்போல் தறிகெட்டு அடிக்கும் நெஞ்சு அவருக்கு. டாக்டர்கள் தொடை வழியாக மெல்லிய ஒயரை இதயம் வரை விட்டு, கோளாறு பண்ணிய பொட்டு இடத்தைச் சூடு வைத்துப் பொசுக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது தொடை இடுக்கில் கடுகளவு தழும்பு. அதை யாருக்கு அவிழ்த்துக் காட்டுவது?

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், “தையல் எங்க?” என்று கேட்டு ஏமாந்து போனார்கள். ஒருத்தர் கொண்டுவந்த ஹார்லிக்ஸைக் கொடுப்பதா, திரும்ப எடுத்துக்கொண்டு போவதா என்று ரொம்ப நேரம் யோசித்தார்.

அவர்கள் கிடக்கிறார்கள். ஒரே தங்கச்சி வெள்ளத்தாயைத்தான் எப்படியாவது நம்பவைக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் நாளன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காதை, யாரோ தூரத்துச் சித்தப்பன் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

“நேர்ல வந்து பாக்கேன். ஆபரேஷன் பொய்னா எனக்குப் பொறந்த வீடே கெடையாது” என்று சொல்லியனுப்பியிருந்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் வேலை என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் அண்ணனுக்கு. ஆனாலும் தங்கச்சி வராத வீட்டில் பொங்கல் என்ன, தீபாவளி என்ன?

“கட்டு இல்லாட்டி அவ நம்ப மாட்டா” என்று முடிவு பண்ணினார் ஆவுடையப்பன். துணிக்கா பஞ்சம்? அவர் தறியில் ஓடுவதே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வெள்ளத்தாய் பன்னிரண்டுக்குத்தான் வந்தாள். “காலையில எங்க ஊரு டாக்டரைப் பாக்க வேண்டியிருந்துச்சு மைனி. பொறவு அண்ணனுக்கு நாட்டுக்கோழி ரசம் வச்சு எடுத்துட்டு வர நேரமாயிட்டு” என்று தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபத்தைக் காணோம்.

ஆவுடையப்பன் கண்ணைச் செருகிக்கொண்டார். “வா தாயி... நெஞ்சைப் பொளந்துட்டாங்க. இருபத்தோரு தையல்!”

சந்தனம் வராத கண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

வெள்ளத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை மெல்லத் தடவினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. தப்பித்தோம் என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார் ஆவுடையப்பன்.

“டாக்டர்கிட்ட உன் வியாதியைச் சொல்லி எல்லாம் கேட்டுட்டேண்ணே. தொடை வழியா ஒயரை விட்டுச் சூடு வைப்பாங்களாம். நெஞ்சுல ஊசி குத்துன தடம்கூட இருக்காதாம். எங்கண்ணனைப் போயி சந்தேகப்பட்டோமேன்னு பஸ்ஸுல அழுதுகிட்டே வந்தேன்.”

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். “அதேதான் தாயி! எனக்குப் பண்ணுனது அதேதான்!” கட்டை அவிழ்க்கப் பார்த்தார். பாழாய்ப்போன முடிச்சு அசைவேனா என்றது.

வெள்ளத்தாய் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“கட்டு இல்லாம இருந்திருந்தா நம்பியிருப்பேண்ணே!”