மடித்து வைத்த சேட்

பகல் முழுவதும் கோப்புகளோடு மாரடித்துவிட்டு, வின்சன் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் நாயாற்றுக்கு வந்துவிடுவான். போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு அரை மணித்தியாலம் தண்ணீரில் மல்லாந்து கிடப்பான். அப்போதுதான் அவனுக்கு உயிர் திரும்பும்.

கரையேறும்போது சேட் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் கிழிந்த வலை பொத்தும் இராயப்புதான் மடிக்கிறார் என்று நினைத்து, ஒருநாள் நன்றி சொன்னான்.

"நான் தொடுறதில்லைத் தம்பி. இந்த நேரம் இஞ்ச வேற ஆரும் வாறதுமில்லை."

வின்சன் குனிந்து பார்த்தான். கைகள் இரண்டும் உள்ளே, கொலர் மேலே. மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன அவன் மனைவி மதலேனா அப்படித்தான் மடிப்பாள். அவனுக்குப் பயம் வரவில்லை. அடுத்த நாளும் வந்தான்.

அவன் முன்பு கேட்டிருந்த வவுனியா இடமாற்றம் அந்த மாதக் கடைசியில் கிடைத்தது. அன்று தண்ணீரில் இறங்குமுன் கரையைப் பார்த்து, "நாளையிலயிருந்து வரமாட்டன்" என்றான்.

கரையேறி வந்தபோது சேட் மடித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அதன் இரண்டு கைகளும் மோட்டார் சைக்கிள் ஹாண்டிலைச் சுற்றி இறுக முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

வின்சன் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஈர உடம்போடு மணலில் உட்கார்ந்து, இடமாற்றத்தை ரத்துச் செய்யக் கோரும் கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கினான்.