கழுத்தில் ஒரு பிடி

காசு வாங்காமல் ஆபரேஷன் செய்கிற பஸ் மலையேறி வந்தது. செடையாயி தன் கழுத்துக் கட்டியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். எலுமிச்சை அளவு இருந்த அந்தக் கட்டியைப் பிடித்துக்கொண்டால்தான் அவள் கைக்குழந்தை தூங்கும். வழக்கம்போலத் தேடிப்போன பிஞ்சுக் கை, கட்டுத்துணியில் பட்டதும் வெடுக்கென்று திரும்பியது. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் அம்மாவைப் பார்த்துக் குழந்தை வீறிட்டது.

“தப்புப் பண்ணிட்டனா டாக்டரய்யா? இனி இது எப்பிடித் தூங்கும்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கினார். அது அவர் நெஞ்சைத் தடவி, காலரைத் தாண்டி, ஒல்லிக் கழுத்தில் துருத்திக்கொண்டிருந்த குரல்வளையைக் கெட்டியாகப் பிடித்துக் கண்ணை மூடியது.

“அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா சார்?” என்றார் நர்ஸ்.

டாக்டர் எச்சில்கூட விழுங்காமல் நின்றார்.