சர்வருக்கு வந்த கடிதம்

ஒரு அலுவலகத்தின் மூலை அறையில் மெயில் சர்வர் ஒன்று இருந்தது. வரும் கடிதங்களின் முகவரியை மட்டும் பார்த்து, உரியவர்களுக்கு அனுப்பிவிடுவது அதன் வேலை. உள்ளே இருப்பதை அது படிப்பதில்லை. அதன் முதுகுப்புறச் சூட்டில் ஒரு பல்லி குடியிருந்தது.

"இன்றைக்கு எத்தனை?" என்றது பல்லி.

"நாலாயிரத்துச் சொச்சம்."

"உனக்கு?"

"எனக்கு யார் எழுதப்போகிறார்கள்?"

"உனக்கும்தான் முகவரி இருக்கிறதே. நீ முதலில் ஒன்று எழுதேன். உம்மென்று கிடந்தால் யாருக்குத் தெரியும்?"

சர்வருக்குத் தெரிந்தவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். எட்டு மாதத்துக்கு முன்பு வந்து, ஒரு பகல் முழுவதும் எதிரே உட்கார்ந்து, எது எங்கே போகவேண்டும் என்று விதிகளை எழுதிவைத்துவிட்டுப் போனவள். அவளுக்கு "நலமா?" என்று ஒரு வரி அனுப்பியது.

மறுநாள் பல்லி நாலைந்து தடவை கேட்டுவிட்டது. "வந்ததா?"

"இல்லை."

"பொறு. மனுஷர்களுக்கு யோசிக்க நேரமாகும்."

மூன்றாம் நாள் மதியம் சர்வரின் பச்சை விளக்கு படபடத்தது.

"அவளா?"

"அவள்தான். என் பெயருக்கு."

"அட! என்ன எழுதியிருக்கிறாள்?"



"தெரியாது. எனக்கென்று ஏதாவது வந்தால் தவறி வந்ததாகத்தான் இருக்கும், தனக்குத் திருப்பிவிடு என்று அன்றைக்கே எழுதிவைத்திருந்தாள். திருப்பிவிட்டேன்."