முதல் மரக்கால்

தமிழ்வாணி படத்தை முடித்துவிட்டாள். இனி எண்ணிக்காட்ட வேண்டியதுதான் பாக்கி.

தலைமையாசிரியை தெரசா மேடம் கடைசி பெஞ்சை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்காகவே வந்திருந்தார். எழுமலைப் பக்கமிருந்து ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தவள். இரண்டு மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இன்றைக்கும் எண்ணவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் அவள் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும். மேடம் முடிவு பண்ணிவிட்டார்.

அது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் இரண்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை என்றால் படக்கணக்கு. பலகையில் 4 + 3 என்று எழுதிப் போடுவேன். அவரவர் இஷ்டத்துக்கு ஏதாவது நாலும் மூணும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே எண் போட்டு, விரல் வைத்துச் சத்தமாக எண்ண வேண்டும்.

ஜினோ யானை போட்டிருந்தான். ஒவ்வொரு யானைக்கும் ஐந்து கால். ஐந்தாவது தும்பிக்கையாம். நம்பித்தான் ஆக வேண்டும்.

தமிழ்வாணி வரைந்திருந்தது யாருக்கும் பிடிபடவில்லை. ஏழு டப்பாக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கூம்பாக ஒரு குவியல். குவியல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நாலில் மஞ்சள் புள்ளி, மூன்றில் பச்சைப் புள்ளி.

"டீச்சர், பாப்கார்ன்!" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது மரக்கால். தானியம் அளக்கிற மரக்கால், தலை தட்டாமல் குவித்து அளந்தது. மஞ்சள் சோளம், பச்சை கம்பு.

அதைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! களத்துத் தூசியும், புதுச் சோளத்தின் வாசமும், அரைப்பரீட்சை லீவில் அம்மாவோடு அங்கே நின்ற நாட்களும் மொத்தமாக வந்து என்னை அமுக்கின. பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், லீவு எப்போது வரும் என்று அந்த வாசத்துக்காகவே காத்துக் கிடந்திருக்கிறேன்.

எண்ணச் சொன்னேன். அவள் முதல் மரக்காலின் மேல் விரலை வைத்தாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

ஏழு வரைக்கும் தடங்கலில்லாமல் போனாள். கடைசியில் கொஞ்சம் ராகம்கூட இழுத்தாள்.

தெரசா மேடம் உதட்டைப் பிதுக்கினார். ஒன்று என்று சொல்லத் தெரியாத பிள்ளையை எப்படி இரண்டாம் வகுப்பில் வைத்துக்கொள்வது என்றார். மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

தமிழ்வாணி என் முகத்தையே பார்த்தாள். கண் தளும்பி நின்றது.

நான் தாளை எடுத்து மேடத்திடம் நீட்டினேன். முதல் மரக்காலின் கீழே 1 என்று முத்துமுத்தாகப் போட்டிருந்தாள். ஏழு வரைக்கும் எல்லாமே சரி. எங்கள் பக்கம் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், வீட்டில் தானியம் பெருகட்டும் என்று லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்றேன். பிள்ளை காதில் விழுந்தபடி எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மேடம் தாளை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தமிழ்வாணியின் தலையில் கை வைத்து, இங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்து, ரூத் டீச்சர் வீட்டிலும் அந்தக் காலத்தில் நிலம் நீச்சு நிறைய இருந்திருக்கும் போல என்றார். நான் சிரித்துவைத்தேன்.

நிலமா!

அம்மா கூலிக்குக் கதிரறுக்கப் போனவள். நாளெல்லாம் குனிந்து அறுத்துவிட்டு, சாயங்காலம் களத்தில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி நிற்பாள். மறுபக்கத்தை நான் பிடித்திருப்பேன். முதலாளி வீட்டுக்கு அளக்கும்போது லாபம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி இழுக்கிற அதே ஆள், எங்கள் சாக்குப் பக்கம் திரும்பியதும் ஒண்ணு என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு தடவையாவது எங்கள் சாக்கில் லாபம் விழாதா என்று எனக்கு அவ்வளவு ஆசை. விழவே இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்தப் பிள்ளையும் அப்படித்தான் யாரோ ஒருவர் களத்தில், யாருக்கோ அளந்ததைக் கேட்டிருப்பாள் என்று தோன்றியது.

மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே ஓடினார்கள். நான் தமிழ்வாணி பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு அளக்கும்போது இதைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

என்ன கேள்வி இது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்குத்தேன் டீச்சர். எங்க சொந்தக் காட்டுல வெளஞ்ச சோளம்ல அது! நான் சாக்கப் பிடிச்சேன், எங்கம்மா அளந்துச்சு."