பாவாடை, பெண், வயது 71

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. திருத்தச் சொல்லி நகராட்சி ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆம்பளைக்கு இப்படியா பேர் வெப்பாங்க? தாவணின்னு சித்தப்பா யாராச்சும் உண்டாம்மா?" அறையே சிரித்தது. "அங்காளம்மன் வாசல்ல காவல் நிக்கிற பாவாடைராயன் பேரு சார். முன்னாடி பொறந்த மூணும் தங்காததால, நாலாவதா பொறந்த எங்கப்பாவை அவன் காலடியில போட்டு எடுத்து வெச்ச பேரு" என்றேன். "கதை வேணாம். அந்தப் பேர்ல ஆம்பளை உண்டுன்னு அத்தாட்சி கொண்டா" என்றார். மறுநாள் கொண்டுபோனேன், பதினோரு பேரை. தீச்சட்டி எடுக்கும் பூசாரி பாவாடை, லாரி ஓட்டும் பாவாடை, சிலம்பத்தில் மாவட்டத்தையே ஜெயித்த பாவாடை. பள்ளிக்கூடக் கேலி தாங்காமல் கெஜட்டில் பிரகாஷாக மாறிப்போன பாவாடைகூடப் பழைய மார்க் ஷீட்டோடு வந்திருந்தார். ஆதார் அட்டைகளை ஜன்னலில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பவே மாத்திடறேம்மா" என்றார். "அது அப்புறம். எங்கப்பாவை ஒரு தடவை சிரிக்காம கூப்பிடுங்க." அவர் எழுந்து நின்று கூப்பிட்டார். "பாவாடை." "இருக்கேன்" என்றார் பூசாரி. "இருக்கேன்" என்றார் அடுத்தவர். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். பதினோராவது குரலும் ஓய்ந்தபின், எல்லோருக்கும் பின்னாலிருந்து, பேசத் தொடங்கும் முன் அப்பா தொண்டையைச் செருமுவாரே, அந்தச் சத்தம் கேட்டது.