வெந்நீர் பட்ட பவளம்

"நீங்க குடுத்த பவளத் துண்டு சுருங்கிப்போச்சுக்கா. அது ஒட்டியிருந்த கல்லுல பாசி புடிச்சிருந்துச்சு, கொதிக்கிற தண்ணிய ஊத்தித் தேச்சேன். அதனாலயா?" என்று போனில் கேட்ட ஜோயலை இருமல் பேச விடவில்லை. வீட்டில் எல்லோருக்குமே காலையிலிருந்து காய்ச்சல், மூச்சுத் திணறல் என்றான்.

வனிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தன் கடல்நீர்த் தொட்டியில் உயிரோடு வளர்ந்த பச்சைப் பவளத்தை வெட்டி அவனுக்குக் கொடுத்தபோது, கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வெந்நீர் பட்டால் அதன் விஷம் ஆவியோடு கிளம்பும் என்பதைச் சொல்லவில்லை. பயந்துபோய் வேண்டாமென்றுவிடுவானோ என்று விட்டுவிட்டாள்.

"எல்லாரும் உடனே வெளிய வாங்க!" என்று போனில் கத்திக்கொண்டே கிளம்பினாள். மருத்துவமனையில் வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த டாக்டரிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் ஜோயலும் குழந்தையும் தேறினார்கள். அவன் மனைவி ஹெலன் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?" என்றாள். வனிதா முகமூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு வெளியே வந்தாள்.

அவள் வீட்டு வாசலில் ஓர் இளம் தம்பதி காத்திருந்தார்கள். பவளத் துண்டு தருவதாக அவள்தான் முன்பே வரச் சொல்லியிருந்தாள். உள்ளே அழைத்துப்போனாள். தொட்டிக்குள் பவளம் விளக்கொளியில் முழுக்க விரிந்திருந்தது. இந்த முறை வனிதா எதையும் மறைக்கவில்லை. ஜோயல் வீட்டில் நடந்ததையும், ஹெலன் கேட்டதையும்கூடச் சொன்னாள்.

அந்தப் பெண் தொட்டிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "வெந்நீர் ஊத்தலன்னா ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்றபடி, கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து நீட்டினாள்.